இராக்காவலும் ஈரலும்: படுவான்கரை விவசாயி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தில் கண் மஞ்சளோடும் வீங்கிய வயிற்றோடும் வைத்தியசாலை விடுதிக்கு வரும் நடுவயது ஆண்களுக்கு நாங்கள் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. வயிற்று நீரை இறக்குகிறோம், சலம் போக மாத்திரை கொடுக்கிறோம், மஞ்சள் குறையத் தொடங்கியதும் "இனிக் குடிக்கக் கூடாது" என்று சொல்லித் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். சில வாரங்களில் அவர் முன்னையிலும் மோசமாகத் திரும்பி வருகிறார், அல்லது வருவதேயில்லை. குடியை விடவைப்பது ஈரல் சிகிச்சையின் ஒரு பகுதி. அது அதே கட்டிலில், அதே கிழமையில், அதே குழுவின் கையால் தொடங்க வேண்டும். அதற்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன். நோயாளியின் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஒரே வகை நோயோடு வந்த சிலரின் விவரங்களை ஒருவருடையதாகச் சேர்த்திருக்கிறேன்.

நோயாளி

வயது 43. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நெல் விவசாயம். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த மாசி மாதத்தில் வந்தார். இரண்டு கிழமையாகக் கண் மஞ்சள், ஒரு கிழமையாக வயிறு ஊதலும் கால் வீக்கமும், நான்கு நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். ஊரில் பரியாரியார் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியமும் சொல்லியிருந்தார். மீன், முட்டை, எண்ணெய் எதுவும் இல்லை. பத்து நாளாகக் கஞ்சியும் இளநீரும்தான்.

குடியைப் பற்றி இரண்டு கணக்குகள் கிடைத்தன. அவர் சொன்னது: "பின்னேரத்தில ஒரு கால்." மனைவி வெளியே வந்து தாதியிடம் சொன்னது நாளுக்கு அரைப் போத்தல் சாராயம், கையில் காசு இல்லாத நாட்களில் கள்ளச்சாராயமான கசிப்பு. கால் போத்தல் 180 மில்லிலீற்றர். நூற்றுக்கு 33 பங்குக்கு மேல் மதுசாரம் உள்ள உள்ளூர்ச் சாராயத்தில் அது ஏறத்தாழ 47 கிராம் தூய மதுசாரம். அரைப் போத்தல் என்றால் ஏறத்தாழ 100 கிராம். ஆண்களில் நாளுக்கு 60 கிராமுக்கு மேல், ஆறு மாதத்துக்குக் குறையாமல் குடித்திருப்பது மதுசார ஈரல் அழற்சியைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் ஒன்று. ஆகவே எந்தக் கணக்கு உண்மை என்பது முக்கியம்தான். ஆனாலும் அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை. இரண்டையும் எழுதிவைத்தோம். கடைசியாகக் குடித்த நேரத்தை மட்டும் இருவரிடமும் கேட்டு உறுதிசெய்தோம்: அனுமதித்த அன்று விடியற்காலை ஆறு மணியளவில். பின்னால் அந்த ஒரு வரிதான் கைகொடுத்தது.

முதல் 24 மணி நேரம்

வயலில் நின்ற மனிதர், காய்ச்சல், மஞ்சள். இந்த மாவட்டத்தில் எவருக்கும் முதலில் எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும், வர வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் சேற்றில் நிற்பவர்களுக்கு அது வரும், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கிக் கொல்லும். சிக்கல் என்னவென்றால், எலிக்காய்ச்சலிலும் மஞ்சள் மிகக் கூடி ஈரல் நொதியங்கள் ஓரளவே உயர்ந்திருக்கும். மதுசார ஈரல் அழற்சியிலும் அப்படியே. குடிப்பவருக்கு எலிக்காய்ச்சல் வராது என்றும் இல்லை.

இரத்தப் பரிசோதனையில் மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் 11.4 மில்லிகிராம், ஈரல் நொதியங்களான ஏ.எஸ்.டி 168, ஏ.எல்.டி 61, அல்புமின் 24 கிராம், சோடியம் 128, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1, வெண்குருதிக் கலங்கள் 14,200, குருதிச் சிறுதட்டுகள் 88,000. இரத்தம் உறைய எடுக்கும் புரோத்ரொம்பின் நேரம் 21 செக்கன். ஒப்பீட்டு நேரம் 13. ஏ.எஸ்.டி ஏ.எல்.டியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதும், இரண்டுமே 400ஐத் தாண்டாததும் மதுசாரத்தின் பக்கம் சாய்ந்தன. வயிற்றில் நீர், மார்பில் சிலந்தி போன்ற இரத்தக்குழாய்ப் புள்ளிகள், மெலிந்த தோள்கள் எல்லாம் ஈரல் பல வருடமாகவே கெட்டுவந்ததைக் காட்டின. கெண்டைக்காலை அழுத்தினால் நோவில்லை, கண் வெள்ளையில் செம்மையும் இல்லை, சிறுநீரகம் தாக்குப்பிடித்தது. எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினோம். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது.

பிரித்தானியாவில் 2013இல் வெளிவந்த தேசிய மீளாய்வு ஒன்று, மதுசார ஈரல் நோயால் வைத்தியசாலையில் இறந்தவர்களின் கோப்புகளை ஆராய்ந்தது. அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நல்ல பராமரிப்பு கிடைத்திருந்ததாக அது சொன்னது. ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பல துறையினர் சேர்ந்த மதுசாரப் பராமரிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து அங்குள்ள ஈரல், குடல் வைத்தியர் சங்கங்கள் முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் தொகுத்தன. அதன் உள்ளடக்கத்தை எங்கள் விடுதிக்கு ஏற்ப மாற்றி, கட்டில் சீட்டின் முன்பக்கத்தில் குத்திவைக்கிறோம். தாளில் புதுமை எதுவுமில்லை. இரவு இரண்டு மணிக்கு, நாற்பது நோயாளிகளுக்கு நடுவில் நிற்கும் இளம் வைத்தியர் எதையும் விட்டுவிடாமல் இருக்கத்தான் அது.

அந்தத் தாளில் முதலில் இருப்பது வயிற்று நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது. வயிற்றில் நீரோடு வரும் ஒவ்வொருவருக்கும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே செய்ய வேண்டும். "இரத்தம் உறைவது குறைவு, குத்தினால் ஆபத்து" என்ற தயக்கத்தில் இது அடிக்கடி மறுநாளுக்குத் தள்ளப்படுகிறது. அந்த ஒரு நாளில் உயிர் போய்விடலாம். இவருடைய நீரில், தொற்றோடு போராடும் நியூட்ரோபில் கலங்கள் கன மில்லிமீற்றருக்கு 420. எல்லை 250. வயிற்று நீரிலேயே தொற்று. நுண்ணுயிர்க்கொல்லியான செஃபொடாக்சிம் 2 கிராம், எட்டு மணிக்கொரு தடவை தொடங்கினோம். அது எலிக்காய்ச்சலுக்கும் வேலை செய்யும் மருந்து என்பதால் இரண்டு பயங்களையும் ஒன்றாகச் சமாளிக்க முடிந்தது. இந்தத் தொற்றில் சிறுநீரகம் செயலிழக்காமல் காப்பது நாளத்தில் ஏற்றும் அல்புமின்: முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 56 கிலோ மனிதருக்கு முதல் நாளில் மட்டும் 84 கிராம். விலை கூடிய மருந்து. ஒவ்வொரு போத்தலும் எதற்கு என்று களஞ்சியத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கினோம், கிடைத்தது.

மருந்தாளர் செய்த ஒரு வேலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து காட்டும்படி மனைவியைக் கேட்டவர் அவர்தான். நாரி (இடுப்பு) நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்லோபெனாக் அதில் இருந்தது. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவருக்கு அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடியது. நாங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நோவுக்கு நாளுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல் பரசிட்டமோல் போதும் என்று மாற்றினோம். பரசிட்டமோல்தான் ஈரலுக்கு எதிரி என்று பலர் நம்பி, அதைவிட ஆபத்தானதை விழுங்குகிறார்கள்.

இரண்டாம் இரவு

இரண்டாம் நாள் இரவு பத்து மணிபோல அவர் கட்டிலை விட்டு இறங்கிக் குனிந்து தேடத் தொடங்கினார். "மிஸ்ஸி, கட்டிலுக்குக் கீழ நண்டு ஊருது, ஆரையும் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

இந்த இடம்தான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. ஈரல் நோயாளி ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் காரணம் இரண்டாக இருக்கலாம். ஈரல் வடிகட்டாத நச்சுகள் மூளையை மந்தமாக்கியிருக்கலாம். குடி திடீரென்று நின்றதால் நரம்புகள் கொந்தளித்திருக்கலாம். முதலாவதற்குத் தூக்க மருந்து விஷம் மாதிரி. இரண்டாவதற்கு அதுவே உயிர் காக்கும் மருந்து. கொடுக்காமல் விட்டால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். இரண்டும் ஒரே ஆளில், ஒரே இரவில் சேர்ந்தும் வரும். பல இடங்களில் இந்தக் கட்டத்தில் கைகாலைக் கட்டி, கைக்கு அகப்பட்ட ஊசியைப் போட்டுவிடுகிறார்கள்.

அன்று இரவுக் கடமையில் இருந்த தாதியின் குறிப்புகளே வழிகாட்டின. இரண்டு மணிக்கொரு தடவை அவர் எழுதியிருந்தார்: நாடி 96, பிறகு 112, பிறகு 126; வியர்வை; விரல்களில் மெல்லிய, வேகமான நடுக்கம்; ஆள் மந்தமில்லை, பதற்றம். கடைசியாகக் குடித்து 40 மணி நேரம். இவையெல்லாம் குடி நின்ற கொந்தளிப்பின் அடையாளங்கள். ஆனால் அதே குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: வந்த நேரம் தொட்டு மலம் போகவில்லை. ஈரல் மந்தத்துக்கு மலச்சிக்கலும் தொற்றும் நேரடியான தூண்டுதல்கள்.

மனநலப் பிரிவு வைத்திய அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் விடிய வரட்டும் என்று சொல்லாமல் அப்போதே வந்தார். கட்டிலருகில் நின்றே முடிவெடுத்தோம். டயசிபாம் போன்ற நீண்ட நேரம் தங்கும் மருந்துகள் கெட்ட ஈரலில் தேங்கிவிடும். ஆகவே குறைந்த நேரம் தங்கும் லொராசிபாம் 1 மில்லிகிராம், ஒவ்வொரு தடவையும் ஆளைப் பார்த்த பின்னரே அடுத்தது. கூடவே மலமிளக்கியான லக்டியுலோஸ், நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாக மலம் போகும் அளவுக்கு. தயமின் (விற்றமின் பி1) 250 மில்லிகிராம் அனுமதித்த அன்றே நாளத்தில் தொடங்கப்பட்டிருந்தது. வருடக்கணக்கில் குடித்து, பத்து நாள் கஞ்சியில் இருந்தவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். விளக்கு அணைக்கப்படவில்லை. மனைவியைக் கட்டிலருகில் இருக்கவிட்டோம். கட்டவில்லை.

நான்காம் நாள் படம் மாறியது. நாடி 88, வியர்வை இல்லை. ஆனால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொய்ந்தது. இப்போது முன்னிற்பது ஈரல் மந்தம். லொராசிபாமை முற்றாக நிறுத்தி, லக்டியுலோஸைக் கூட்டினோம். ஆறாம் நாள் காலையில் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று சரியாகச் சொன்னார்.

ஸ்டீரொய்ட் கொடுப்பதா

புரோத்ரொம்பின் நேர வித்தியாசத்தை 4.6ஆல் பெருக்கிப் பிலிருபினைக் கூட்டும் கணக்கில் அவர் வந்த அன்று 48.2. 32ஐத் தாண்டினால் கடுமையான அழற்சி. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் 40 மில்லிகிராம் பற்றி யோசிக்க வேண்டும். 2015இல் வெளிவந்த பெரிய பிரித்தானிய ஆய்வில் அது 28 நாள் இறப்பைக் குறைக்கும் சாய்வைக் காட்டியது, ஆனால் உறுதியாக நிறுவவில்லை, தொற்று கூடியது. எங்களுடைய ஆளுக்கோ ஏற்கெனவே வயிற்றில் தொற்று. 48 மணி நேரத்தில் மறுபடி எடுத்த நீரில் கலங்கள் 110ஆக இறங்கியிருந்தன. ஆறாம் நாள் பிலிருபின் 8.6, புரோத்ரொம்பின் நேரம் 18 செக்கன்; கணக்கு 31.6. கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எலிக்காய்ச்சல் பரிசோதனையும் பிறகு எதிர்மறையாக வந்தது.

கஞ்சியும் பத்தியமும்

மருந்தை விட இவருக்கு அதிகம் உதவியது சாப்பாடு என்பது என் துணிந்த கருத்து. ஈரல் சுருங்கியவருக்குக் கிலோவுக்கு 35 கிலோகலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டும். 56 கிலோவுக்கு ஏறத்தாழ 70 முதல் 85 கிராம் புரதம். மந்தம் வந்தவருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய பாடம் கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது. குறைத்தால் உடல் தன் சொந்தத் தசையையே கரைத்துத் தின்னும். ஈரலில் சேமிப்பு இல்லாததால், ஓர் இரவு சாப்பிடாமல் படுப்பது சுகதேகி இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். ஆகவே படுக்கப் போக முதல் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும்.

இதைச் சொல்வது சுலபம். "மீன் திண்டா மஞ்சள் கூடுமாம் எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்று மாமி, அதாவது மனைவியின் தாய், தடுத்தார். போசாக்குப் பிரிவில் இருந்து வந்தவர் அந்த நம்பிக்கையோடு சண்டை பிடிக்கவில்லை. எண்ணெயில் பொரிக்காமல், தேங்காய்ப்பால் குறைத்து, ஆணம் வைத்துக் கொடுக்கலாமா என்று மாமியிடமே கேட்டார். வாவி மீன் ஒரு துண்டு, அவித்த முட்டை, பயறு, கௌபி, படுக்க முதல் சோறும் எருமைத் தயிரும். வைத்தியசாலைச் சாப்பாடு மட்டும் போதாது என்பதை மறைக்காமல் சொல்லி, வீட்டிலிருந்து எந்த நேரம் எதைக் கொண்டுவருவது என்று எழுதிக்கொடுத்தார். நிறுத்த வேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், பப்படம். மட்டக்களப்பு மனிதருக்குக் கருவாட்டை நிறுத்துவது சாராயத்தை நிறுத்துவதற்கு அடுத்த கஷ்டம். கருவாடு இல்லாத நாளில் எலுமிச்சம் புளியும் மிளகும் சேர்க்கலாம் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

காவல் பரண்

ஏழாம் நாள், புத்தி தெளிந்த பிறகு, மனநல வைத்திய அதிகாரி கதிரை போட்டு அருகில் உட்கார்ந்தார். குடியை விடச் சொல்லவில்லை. எப்போது குடி கூடியது என்று கேட்டார்.

"வயலுக்கு இராக்காவல் போகக்குள்ளதான் டொக்டர். ஆனை வரும். பரணில தனிய இருக்கக்குள்ள பயம். குளிரும். முதல்ல பக்கத்து வயல்காரர் தந்த. மறுகா நானே கொண்டுபோகத் தொடங்கின."

எந்த ஸ்கானிலும் தெரியாத விவரம் இது. படுவான்கரையில் கதிர் வந்த நேரம் யானைக் காவல் இல்லாமல் நெல் வீட்டுக்கு வராது. பயத்துக்கும் குளிருக்கும் விழித்திருப்பதற்கும் மருந்தாக வந்த குடி, காவல் முடிந்த மாதங்களிலும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. காவலுக்கு வேறு ஒழுங்கு செய்யாமல் "குடிக்காதே" என்று சொல்வது, அவரிடம் வேளாண்மையை விடச் சொல்வதுதான்.

அதனால் குடும்பக் கூட்டத்துக்கு மனைவியை மட்டும் கூப்பிடவில்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு குடியேறுவதே வழக்கம். மாமியும் மனைவியின் சகோதரனும் அடுத்த வளவுக்காரர்கள். மாமி கேட்ட கேள்வி நேரானது: "வயலுக்குப் போற எல்லாரும்தானே குடிக்கிறாங்க. இவருக்கு மட்டும் ஏன் இப்பிடி வந்த?" பல வருடம் அதிகமாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் ஈரல் சுருங்குகிறது, பரம்பரை, உடல்நிலை, போசாக்கு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினோம். மற்றவர்கள் தப்பியதால் இவர் இனிக் குடித்தாலும் தப்புவார் என்று ஆகாது என்பதையும் சொன்னோம். மாமி நிறைய நேரம் யோசித்தார். பிறகு, காவலுக்குத் தன் மகன் கூடப் போவான், பரணில் போத்தல் இருக்காது என்று தானே சொன்னார். மருமகனைக் குற்றம் சாட்டிய ஒரு வார்த்தை அந்தக் கூட்டத்தில் வரவில்லை.

துண்டு வெட்டிய பிறகு

15ஆம் நாள் வீட்டுக்குப் போனார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் நடுத்தர அளவில் புடைத்த நாளங்கள் இருந்தன. அவை வெடிக்காமல் இருக்கப் புரொப்ரனலோல் குறைந்த அளவில். வயிற்றுத் தொற்று மறுபடி வராமல் சிப்ரொஃப்ளொக்சசின். சலம் போக ஸ்பைரோனோலக்டோன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி. தசை திரும்ப இயன்மருத்துவர் கற்றுக்கொடுத்த எழும்பி உட்காரும் பயிற்சி.

குடி ஆசையைக் குறைக்க பக்லோஃபென் இரண்டு கிழமைக்குப் பிறகு, மந்தம் முற்றாகத் தெளிந்ததை உறுதிசெய்து, 5 மில்லிகிராமில் தொடங்கினோம். ஈரல் சுருங்கியவர்களிடம் இந்த நோக்கில் சோதிக்கப்பட்ட மருந்து அது. 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில் 84 பேரில் பாதிப்பேருக்குப் பக்லோஃபென் கொடுக்கப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 71 பேர் குடியை நிறுத்தியிருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேர். குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிரமைச் சில குடும்பங்கள் கேட்டு வருகின்றன. கெட்ட ஈரலுக்கு அது கூடவே கூடாது, கறியில் தெரியாமல் கலந்து கொடுப்பது உயிராபத்து.

பெரிய மாற்றம் ஒன்று மருந்திலோ இயந்திரத்திலோ வரவில்லை, கிளினிக் நாளில் வந்தது. முன்பு வைத்தியக் கிளினிக் ஒரு நாள், மனநலக் கிளினிக் இன்னொரு நாள். படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவருக்கு இரண்டு நாள் கூலி போகும். எதைக் கைவிடுவார் என்பது தெரிந்ததே. மனநலக் கிளினிக்குப் போவதை ஊர் பார்த்துவிடும் என்ற கூச்சமும் சேரும். இப்போது இரண்டும் ஒரே காலையில், ஒரே கட்டிடத்தில், ஒரே கிளினிக் கொப்பியில். மனநலத் தாதியின் தொலைபேசி இலக்கம் கொப்பியின் அட்டையில் எழுதப்பட்டிருக்கும்.

அந்த இலக்கம் சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள் பயன்பட்டது. உறவுவீட்டில் இரண்டு நாள் குடித்திருந்தார். மனைவி அழைத்தார், மறுநாளே வரச் சொன்னோம். வந்தவரை யாரும் ஏசவில்லை. மீண்டும் குடிப்பது இந்த நோயின் போக்கில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஏச்சுக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்ப்பவர்தான் அடுத்த தடவை இரத்தவாந்தியோடு வருகிறார். நடுக்கம் இல்லை, மந்தம் இல்லை. பக்லோஃபென் அளவைக் கூட்டி, இரண்டு மாதத்துக்குக் கிழமைக்கொரு தடவை தொலைபேசியில் கதைப்பதென்று முடிவாயிற்று.

எட்டாம் மாதம் பிலிருபின் 1.6, அல்புமின் 33 கிராம், நிறை 61 கிலோ, வயிற்றில் நீர் இல்லை. ஈரல் சுருங்கியது சுருங்கியதுதான். அது பழையபடி ஆகாது, புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கொரு தடவை ஸ்கான் வாழ்நாள் முழுக்க வேண்டும். முதல் ஸ்கானில் கட்டி எதுவும் இல்லை. இப்போது ஐப்பசி, விதைப்பு நடக்கிறது. கதிர் வரும் முதல், கார்த்திகைக் கிளினிக்குக்குக் காவலுக்குக் கூடப் போகப்போகும் மைத்துனரையும் கூட்டிவரும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறோம். பரணுக்கு ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும், நள்ளிரவில் சாப்பிடச் சோற்றுப் பார்சலும் யார் கொண்டுபோவது என்பதையும் அன்று பேசி எழுதவேண்டும்.